நீ எந்தப் பக்கம்?



மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ஒரு தொழில்நுட்பக் கட்டுரை. "இன்வெர்ட்டர் இயங்கும் விதம்" என்று தலைப்புப் போட்டு ஒன்றரைப் பக்கம் எழுதவும் செய்தேன். அதற்குள் எங்கள் விடுதி வராந்தாவில் ஒரு சண்டை வந்துவிட்டது. இன்வெர்ட்டரைப் பற்றி அடுத்த வருஷம் ஜூனியர் யாராவது எழுதட்டும். நான் அந்தச் சண்டையைப் பற்றியே எழுதுகிறேன்.

சண்டை என்றால் கைகலப்பு இல்லை, வாய்ச் சண்டைதான். மெஸ் முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தன் ரஷ்யா என்றான், ஒருத்தன் உக்ரைன் என்றான். பேச்சு அங்கிருந்து காஸாவுக்குப் போய், கடைசியில் இலங்கைக்கு வந்து நின்றது. "ஏலே, நீ காயல்பட்டினம்தானே? நீ எந்தப் பக்கம்னு எங்களுக்குத் தெரியாதா?" என்று ஒருத்தன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "நமக்கு எதுக்குடா வம்பு, நடுநிலையா இருந்துட்டுப் போவோம்" என்றான் இன்னொருத்தன். "நடுநிலைன்னு சொல்றவன்லாம் பயந்தாங்கொள்ளி" என்றான் மூன்றாமவன்.

மூலையில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டு எழுதிக்கொண்டிருந்த ஒரு நண்பன் மட்டும் வாயே திறக்கவில்லை. நோட்டை மூடிக்கொண்டு எழுந்து அறைக்குப் போய்விட்டான். அவன் பிறந்து வளர்ந்தது இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில். அவன் முன்னால் உட்கார்ந்துதான் நாங்கள் இவ்வளவு நேரம் 'எந்தப் பக்கம்' என்று பட்டிமன்றம் நடத்தியிருக்கிறோம்!

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உண்மையிலேயே நான் எந்தப் பக்கம்? அடுத்தவர் நாட்டுச் சண்டையில் ஒருவர் பக்கம் சேர்வது சரியா, ஒதுங்கி நிற்பது சரியா? இதற்குப் பதில் தேடப்போய்த் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் எங்க ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்துக்கும் திருச்செந்தூருக்கும் இடையில் இருக்கிறது காயல்பட்டினம். எங்களுக்குச் சென்னையைவிடக் கொழும்புதான் கிட்ட. தூரத்தில் மட்டுமல்ல, மனதிலும் அப்படித்தான். தலைமுறை தலைமுறையாக ஆண்கள் வியாபாரத்துக்குக் கொழும்பு போவார்கள். மாணிக்கக்கல், துணி, பலசரக்கு என்று ஆளுக்கொரு தொழில். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு துருப்பிடித்த இரும்புக் கம்பம் இன்னமும் நிற்கிறது. ரூபவாஹினி பார்ப்பதற்காக அப்பா நட்டது. (எங்க ஊரில் அப்பா என்றால் வாப்பாவின் தந்தை, அதாவது தாத்தா. குழம்பிக்கொள்ள வேண்டாம்.) டெல்லி தூர்தர்ஷன் எங்கள் ஊரில் ஒழுங்காகத் தெரிவதற்கு முன்னால், ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பி பூஸ்டர் போட்டு இலங்கைத் தொலைக்காட்சியைப் பார்த்தவர்கள் எங்கள் கடற்கரை ஊர்க்காரர்கள்.

1983 ஜூலையில் அப்பா கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்த நாட்கள் அவை. கும்பல்கள் கையில் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடி வந்தன. அப்பாவும் தமிழ் பேசுகிறவர்தான். தலையில் இருந்த தொப்பிதான் அன்று அவரைக் காப்பாற்றியது. அதே கடையில் கணக்கு எழுதிய தமிழரைப் பக்கத்துக் கடைச் சிங்களவர் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாராம். ஊர் திரும்பிய அப்பா, ஈழப் போராளிகளுக்காக உண்டியல் வந்தபோதெல்லாம் காசு போட்டிருக்கிறார். கண்ணால் பார்த்தவர் அல்லவா? அவரைப் பொறுத்தவரை அது அயல்நாட்டுச் சண்டையே இல்லை.

சரி, நம் அரசு அப்போது என்ன செய்தது? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்கு முழுசாகத் தெரியாது.

1983-க்குப் பிறகு இந்தியா ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்தது. ஒரு கையால் சமரசம்: ஜி. பார்த்தசாரதி கொழும்புக்கும் டெல்லிக்கும் நடந்தார். 1985-ல் பூட்டான் தலைநகர் திம்புவில் பேச்சுவார்த்தை நடந்தது. மறு கையால் பல ஈழ இயக்கங்களுக்கு இந்திய மண்ணில் ஆயுதப் பயிற்சி. நடுவரே ஒரு அணிக்குப் பந்து பொறுக்கிக் கொடுத்தால் ஆட்டம் என்ன ஆகும்? 1987 ஜூன் 3-ம் தேதி ராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் படகுகள் போயின. இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாளே இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டன. 'பூமாலை நடவடிக்கை' என்று அதற்குப் பெயர். அடுத்த மாதம் 29-ம் தேதி ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதற்கு அடுத்த நாளே, அணிவகுப்பு மரியாதையில் நின்ற ஒரு சிங்களக் கடற்படை வீரர் ராஜீவைத் துப்பாக்கிக் கட்டையால் தாக்கினார். இந்தியா தமிழர் பக்கம் நிற்கிறது என்று அவர்களுக்குக் கோபம்.

அமைதி காக்கப் போன நம் படை, அந்த அக்டோபரிலேயே விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கிவிட்டது. 1987 அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் இறந்தார்கள். யாரைக் காப்பாற்றப் போனோமோ அவர்களே நம்மைப் பார்த்துப் பயப்படும் நிலை. 1989-ல் இன்னொரு வேடிக்கை (வேடிக்கை என்று சொல்வதே தப்பு): இந்தியப் படையை வெளியேற்றுவதற்காக இலங்கை அரசே புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது. 1990 மார்ச்சில் நம் படை திரும்பியபோது 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரோடு இல்லை. மறு ஆண்டு, 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். அது எல்லோருக்கும் தெரிந்ததே.

இந்தியா பக்கம் சேர்ந்ததால் கெட்டதா, நடுவில் நின்றதால் கெட்டதா? என்னைக் கேட்டால், இரண்டும் இல்லை. பக்கம் சேர்ந்துகொண்டே நடுவில் நிற்பதாகச் சொன்னதுதான் கோளாறு.

உலகச் சட்டத்தில் 'நடுநிலை' என்ற சொல்லுக்கு மிகத் தெளிவான பொருள் உண்டு. 1907-ம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை அதை எழுதி வைத்திருக்கிறது. இரண்டு நாடுகள் போரிடும்போது, நடுநிலை நாடு தன் மண் வழியாக எந்தப் படையையும் போக விடக்கூடாது. தன் மண்ணில் எந்தப் பக்கத்துக்கும் படைக்கு ஆள் திரட்ட விடக்கூடாது. கட்டுப்பாடு அரசுக்குத்தான், குடிமக்களின் மனதுக்கு அல்ல. சுவிட்சர்லாந்து நடுநிலை நாடு என்பதற்காக அங்கே உள்ளவர்களுக்குக் கருத்தே இருக்கக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. இன்னொன்று, இந்தச் சட்டம் நாட்டுக்கு நாடு நடக்கும் போருக்கானது. இலங்கையில் நடந்ததுபோல ஒரு நாட்டுக்குள்ளேயே நடக்கும் போரை 1949 ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான 3-ம் பிரிவு பார்த்துக்கொள்கிறது. அது என்ன சொல்கிறது? ஆயுதம் ஏந்தாதவரையும், ஆயுதத்தைக் கீழே போட்டவரையும் கொல்லாதே, வதைக்காதே, பணயமாகப் பிடிக்காதே. இது அரசுக்கும் உண்டு, எதிர்த்துப் போரிடும் இயக்கத்துக்கும் உண்டு.

நேரு சொன்ன அணிசேராமை இதிலிருந்து வேறுபட்டது. அமெரிக்க முகாமிலும் சேரமாட்டோம், சோவியத் முகாமிலும் சேரமாட்டோம். ஆனால் ஒவ்வொரு விஷயத்திலும் எங்கள் கருத்தைச் சொல்வோம் என்பது அது. சொன்னபடி எப்போதும் நடந்தோமா என்றால் இல்லை. 1956-ல் சூயஸ் கால்வாய் தாக்குதலைக் கண்டிக்க நம் குரல் உடனே எழும்பியது. அதே சமயம் ஹங்கேரிக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்தபோது தொண்டை கட்டிக்கொண்டது. இலங்கையும் அணிசேரா நாடுதான்; 1971-ல் பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு டாக்கா போக வழி விட்டதும் அதே இலங்கைதான்!

ஆனால் உருப்படியாகச் செய்த ஒரு காரியம் உண்டு, அது கொரியாவில். 1950-ல் போரிடப் படை அனுப்ப இந்தியா மறுத்தது. பதிலாக ஒரு ராணுவ மருத்துவப் பிரிவை அனுப்பியது. போர் நின்ற பிறகு, சொந்த நாட்டுக்குத் திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்ட கைதிகளை யார் பார்த்துக்கொள்வது என்ற சிக்கல் வந்தது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டது இந்தியாவைத்தான். தளபதி திம்மய்யா தலைவராக இருந்த ஆணையத்தின் கீழ் நம் வீரர்கள் போனார்கள். தென்கொரிய அதிபர், இந்திய வீரர் ஒருவர்கூட என் மண்ணில் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டுபோய் நடுப்பகுதியில் இறக்கினார்கள். இரண்டு பக்கமும் திட்டினார்கள். வேலை நடந்தது.

நாம் படித்த மூன்று ஃபேஸ் இணைப்பை இங்கே நினைத்துப் பாருங்கள். நியூட்ரல் ஒயர் சும்மா கிடக்கிற ஒயர் என்றுதான் முதல் வருஷத்தில் நானும் நினைத்தேன். லோடு சமமாக இருக்கும்வரை சும்மாதான் கிடக்கும். சமமில்லாமல் போனால், மிச்ச மின்னோட்டம் முழுவதையும் சுமப்பது அதுதான். அது அறுந்துவிட்டால், லோடு குறைவாக உள்ள ஃபேஸில் வோல்டேஜ் எகிறி வீட்டு டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் புகைந்துவிடும். நியூட்ரலைத் தொட்டால் ஷாக் அடிக்காது என்று நம்பித் தொட்டவர்களின் கதையை லேப் இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

இனி எங்க அப்பா கதைக்கு வருகிறேன். 1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. கிழக்கிலங்கையில் காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷா தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர், சிறுவர்கள் உட்பட. செய்தவர்கள் புலிகள் என்று உயிர் பிழைத்தவர்கள் சொன்னார்கள், புலிகள் மறுத்தார்கள். அக்டோபர் கடைசியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அத்தனை பேரையும் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நகை, பணம், வீட்டுப் பத்திரம் எல்லாம் அங்கேயே போனது. 70,000-க்கும் மேற்பட்டவர்கள் ஒரே மாதத்தில் அகதிகள் ஆனார்கள். பெரும்பாலோர் புத்தளம் பக்கம் ஓலைக் கொட்டகைகளில் வாழ்ந்தார்கள். வருஷக்கணக்கில் அங்கேயேதான். 2002-ல் அன்டன் பாலசிங்கம் அந்த வெளியேற்றம் அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார். பன்னிரண்டு வருஷம் கழித்து!

உண்டியலில் காசு போட்ட அப்பாவுக்கு இது எப்படி இருந்திருக்கும்? அதற்குப் பிறகு அவர் இலங்கை விஷயமே பேசுவதில்லையாம். வாப்பா சொல்வார், "1990-ல அப்பா ரேடியோவை அமத்தினாங்க, அப்புறம் போடவே இல்லே" என்று.

இதையெல்லாம் விடுதி நண்பனிடம், அதுதான் ரெக்கார்டு நோட்டை மூடிக்கொண்டு போனவனிடம், ஒருநாள் சொன்னேன். அவன் ஆடிப்போய்விட்டான். "இரண்டு மணி நேரமா? எங்க முகாம்ல யாரும் இதைச் சொன்னதே இல்லையேடா" என்றான். பொய் சொல்கிறேனோ என்றுகூடச் சந்தேகப்பட்டான், முகத்தில் தெரிந்தது. பிறகு அவன் ஒன்று கேட்டான்: "வீரமுனை தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது. வீரமுனை அம்பாறை மாவட்டத்தில் இருக்கிற தமிழ்க் கிராமம். அவன் பாட்டியின் உறவுக்காரர்கள் அங்கே இருந்தவர்கள். காத்தான்குடி நடந்த அதே 1990 ஆகஸ்டில், 12-ம் தேதி, அந்த ஊர்ப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அரசு ஆயுதம் கொடுத்து வைத்திருந்த முஸ்லிம் ஊர்க்காவல் படையினரே அதைச் செய்தார்கள் என்பது உயிர் தப்பியவர்களின் சாட்சியம். காத்தான்குடியை எங்க ஊரில் சின்னப் பிள்ளையும் அறியும். வீரமுனை என்ற பெயரை இருபது வயதுவரை நான் கேட்டதே இல்லை. அவனுக்கு வீரமுனை தெரியும், காத்தான்குடி தெரியாது. இரண்டுக்கும் நடுவே ஒன்பதே நாள்தான்!

பக்கம் சேர்வதில் உள்ள ஆபத்து எதிராளியை வெறுப்பது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நம் பக்கத்துப் பிணங்களை மட்டும் எண்ணப் பழகிவிடுகிறோம். அதற்காக எல்லோரும் ஒன்றுதான் என்று கையைக் கழுவிவிடவும் முடியாது. 1983-ல் எரிந்த கடை எரிந்ததுதான். எரித்தவனும் எரிந்தவனும் சமம் ஆகமாட்டார்கள். ஆகவே நான் வந்து சேர்ந்த இடம் இது: கொடிகளுக்கு நடுவே நான் நடுநிலையாக இருக்கத் தயார், கோயிலிலோ பள்ளிவாசலிலோ ஒளிந்திருக்கிறவருக்கும் அவரைத் தேடி வருகிறவருக்கும் நடுவே எனக்கு நடுநிலை கிடையாது. தேடி வருகிறவர் என் மொழிக்காரராக இருந்தாலும் சரி, என் மார்க்கத்துக்காரராக இருந்தாலும் சரி.

"சொல்லிட்டாப்ல ஆச்சா? நடுநிலைக்காரன் என்னத்தைக் கிழிச்சான்?" என்று மூன்றாமவன் கேட்பான். 2009-ஐப் பார்ப்போம். வன்னியில் கடைசிக் கட்டப் போரில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் சொன்னது. அரசு, தானே அறிவித்த பாதுகாப்பு வலயத்தின் மீதும் மருத்துவமனைகள் மீதும் குண்டு வீசியது என்றது. புலிகள் மக்களைக் கேடயமாக வைத்திருந்தார்கள், தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள் என்றும் அதே அறிக்கை சொன்னது. அப்போது அங்கே இரண்டு நடுநிலைக்காரர்கள் இருந்தார்கள். ஐ.நா. தன் ஊழியர்களை 2008 செப்டம்பரில் கிளிநொச்சியை விட்டு வெளியே எடுத்தது; உயிரிழப்புக் கணக்கு கையில் இருந்தும் வெளிப்படையாகச் சொல்லத் தயங்கியது. இது தங்கள் தோல்வி என்று 2012-ல் அவர்களுடைய உள்விசாரணையே ஒப்புக்கொண்டது. இன்னொருவர் செஞ்சிலுவைச் சங்கம். போர்ப் பகுதிக் கடற்கரையிலிருந்து, பிப்ரவரி முதல் மே வரை, காயம்பட்டவர்களையும் குடும்பத்தாரையுமாக 13,000-க்கும் மேற்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றி வெளியே கொண்டுவந்தது. தன் ஊழியர்களையும் அங்கே பறிகொடுத்தது. இரண்டு தரப்பும் அனுமதித்தால்தான் கப்பல் கரைக்கு வர முடியும். நடுநிலை இல்லை என்றால் அந்தக் கப்பலே இல்லை.

நம் நாடு? 2009 மே மாதம் ஜெனீவாவில் இலங்கைக்கு ஆதரவாக வாக்களித்தது. 2012-லும் 2013-லும் இலங்கைக்கு எதிரான தீர்மானத்தை ஆதரித்தது. 2013 மார்ச்சில் தமிழகக் கல்லூரிகளில் மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தது நம் அண்ணன்மார்களுக்கு ஞாபகம் இருக்கும். 2014-லும், மறுபடி 2021, 2022-லும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. ஒரே விஷயத்தில் மூன்று நிலை! எது நடுநிலை, எது கணக்குப் பார்ப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

உக்ரைன் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அது நம் வயசுப் பையன்களைத் தொடுகிறது. 2022 மார்ச் 2-ம் தேதி ஐ.நா. பொதுச் சபையில் 141 நாடுகள் ரஷ்யப் படையெடுப்பைக் கண்டித்தன. ஒதுங்கிய 35-ல் இந்தியாவும் ஒன்று. இரு தரப்போடும் பேச முடிந்ததால்தான் 22,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களை, பெரும்பாலும் மருத்துவ மாணவர்களை, மீட்க முடிந்தது என்று ஒரு வாதம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் வேலை வாங்கித் தருகிறோம் என்ற ஏஜென்ட்களை நம்பி ரஷ்யா போன இந்திய இளைஞர்கள் படையில் சேர்க்கப்பட்டு போர்முனையில் செத்ததும் நடந்தது. டிப்ளமோ முடித்துவிட்டு வெளிநாடு என்றால் எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிற நண்பர்களே, ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிட்டுப் போடுங்கள். நீங்கள் நடுநிலை வகிக்கலாம், அந்தத் தாள் வகிக்காது.

பொங்கல் விடுமுறையில் முகாம் நண்பனை எங்க ஊருக்கு அழைத்துப் போனேன். அப்பா திண்ணையில் இருந்தார். "உங்க ஆளுங்களுக்கு எந்த ஊரு வாப்பா?" என்று கேட்டார். அவன் பாட்டி ஊரைச் சொன்னான், வீரமுனையையும் சொன்னான். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்குத் தெரியும். அந்த வருஷமே கொழும்பு ஆளுங்க சொன்னாங்க" என்றார்.

நான் அசந்துபோனேன். "எங்ககிட்ட சொன்னதே இல்லையே அப்பா?"

"காத்தான்குடியைச் சொல்லி அழுதோம். இதைச் சொல்ல வாய் வரலே" என்றார்.

உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்கள். அவன் அப்பாவிடம் வீரமுனையைப் பற்றி அவருக்கு என்னென்ன தெரியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தான். அப்பா சொல்லச் சொல்ல, பாட்டியிடம் சொல்ல வேண்டும் என்று போனில் குறித்துக்கொண்டான். மக்ரிப் பாங்கு சொல்லும்வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.